மதராஸ் கரையும் வாலன்டைன்ஸ் பூங்காவும்

இல்ஃபோர்டில் குடியிருக்கும் தமிழர்களில் வாலன்டைன்ஸ் பூங்காவுக்குப் போகாதவர்கள் அநேகமாக யாரும் இருக்க மாட்டார்கள். பிள்ளைகளை ஊஞ்சலில் உட்கார வைக்கப் போயிருப்போம். "சர்க்கரை ஏறியிருக்கு, தினமும் நடங்க" என்று டாக்டர் சொன்னதற்காகப் போயிருப்போம். ஊரிலிருந்து வந்த அம்மா அப்பாவை, வெயில் எட்டிப் பார்க்கிற ஒரு நாளாகப் பார்த்து அழைத்துப் போயிருப்போம். ஆனால் அந்தப் பூங்கா யாருடைய கதை என்று பேச்சு வந்தால், "யாரோ பெரிய துரை வீடாம், அப்புறம் கவுன்சில் எடுத்துக்கிச்சாம்" என்பதோடு முடிந்துவிடுகிறது. அங்கே முடியக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த ஏரிக்கரையில் நடக்கும்போது நாம் விருந்தாளிகளாக நடக்க வேண்டியதில்லை. அந்த வீட்டின் சொத்துக் கணக்கில் நம் கடற்கரையும் இருக்கிறது.

கிழக்கு லண்டனில், ரெட்பிரிட்ஜ் கவுன்சிலின் பொறுப்பில், சுமார் 130 ஏக்கரில் விரிந்து கிடக்கிறது வாலன்டைன்ஸ். வடக்கு முனையில் பழைய மாளிகை. அதை ஒட்டி மதில் சூழ்ந்த தோட்டம், ஒரு புறாக்கூடு, நேர்கோடாக நீளும் ஒரு பழங்காலக் கால்வாய். தெற்கே வர வர மரங்கள், ஏரிகள், விளையாட்டுத் திடல்கள், கிரிக்கெட் மைதானம். கேன்ட்ஸ் ஹில் ஸ்டேஷனில் இறங்கினால் வடக்குப் பக்கம் கிட்ட. இல்ஃபோர்ட் கடைத்தெருவிலிருந்து நடந்தால் தெற்கு வாசல். பெரும்பாலோர் தெற்கு வாசலில் நுழைந்து, ஏரியைச் சுற்றிவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். மாளிகை வரைக்கும் போகிறவர்கள் குறைவு. கதை இருப்பதோ அந்த முனையில்தான்.

வீடு கட்டப்பட்டது 1696-97 வாக்கில். கான்டர்பரி பேராயராக இருந்த ஜான் டிலட்சனின் மருமகன் ஜேம்ஸ் சாட்விக் கட்டியது. பேராயர் அதற்கு முன்பே, 1694-இல், இறந்துபோனார். அவருடைய மனைவி எலிசபெத் கடைசிக் காலத்தை இங்கே கழித்தார். 1724-இல் வீட்டை வாங்கியவர் ராபர்ட் சர்மன். சவுத் சீ கம்பெனியில் துணைக் காசாளராக இருந்தவர். 1720-இல் பங்கு விலை ஊதிப் பெருத்து வெடித்து, இங்கிலாந்து முழுக்கக் குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியதே, அதே கம்பெனி. அதற்கு இன்னொரு முகமும் உண்டு. ஸ்பெயினின் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு ஆண்டுக்கு 4,800 ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒப்பந்தம் அதன் கையில்தான் இருந்தது. கால்வாய், கரடுமுரடான கற்களை அடுக்கிக் குகைபோலக் கட்டிய சிறு குடில்கள், மதில் சூழ்ந்த தோட்டம் ஆகியவையெல்லாம் சர்மன் காலத்து ஏற்பாடுகள். அழகான ஏற்பாடுகள். அந்தக் குடிலின் முன் நின்று படம் எடுக்காத குடும்பம் இல்லை. அந்த அழகுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் அங்கேயே நின்று சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

அடுத்து வந்தவர்தான் நமக்கு நேரடிச் சொந்தம் உள்ளவர். பெயர் சார்ல்ஸ் ரேமண்ட். 1713-இல் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஓடிய கப்பல்களின் கேப்டன். கம்பெனி தனக்கென்று கப்பல்களை வைத்துக்கொள்ளாமல் தனியார் முதலாளிகளிடமிருந்து வாடகைக்கு எடுத்து ஓட்டிய காலம் அது. 1734-இல் கட்டப்பட்ட 'வேஜர்' என்ற புதுக் கப்பல், இருபதைத் தாண்டி ஓரிரு வயதே ஆன ரேமண்டின் பொறுப்பில் கொடுக்கப்பட்டது. 1735 பிப்ரவரியில் இங்கிலாந்துக் கரையை விட்டு, அதே ஆண்டு ஜூலையில் மதராஸ் வந்து சேர்ந்தது. 1738-இல் மறுபடியும் புறப்பட்டு, மதராஸ், வங்காளம் இரண்டையும் தொட்டுவிட்டு 1739 ஆகஸ்டில் திரும்பியது. கடல் கதைகள் படிக்கிறவர்களுக்கு வேஜர் என்ற பெயர் பழக்கமாக இருக்கும். அந்த 1739-லேயே கடற்படை அதை விலைக்கு வாங்கி, கடற்படைத் தளபதி ஆன்சன் தலைமையிலான படையோடு அனுப்பியது. 1741 மே மாதம் சிலி நாட்டின் தெற்குக் கரையோரம் பாறையில் மோதி உடைந்தது. மாலுமிகள் கலகம் செய்து பிரிந்தார்கள். அதே கப்பல்தான், அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, புனித ஜார்ஜ் கோட்டைக்கு எதிரே நங்கூரம் பாய்ச்சி நின்றது.

1735-இல் அங்கே என்ன இருந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன். துறைமுகம் கிடையாது. அது வர இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆகும். கப்பல் தூரத்தில் ஆழ்கடலில் நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே கொந்தளிக்கும் அலைகளைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கொண்டுபோனவை மசூலா படகுகள். ஆணி அடித்தால் அலை மோதும்போது பலகை பிளந்துவிடும் என்பதால், தேங்காய் நாரால் பலகைகளைத் தைத்துக் கட்டிய படகுகள். ஓட்டியவர்கள் நம் கடற்கரைக்காரர்கள். எவ்வளவு பெரிய கேப்டனாக இருந்தாலும் மதராஸ் மண்ணில் கால் வைக்க அவர்கள் கை வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டுதான், 1734-இல், கூவம் கரையில் நெசவாளர்களையும் நூல் நூற்பவர்களையும் குடியேற்றிச் சிந்தாதிரிப்பேட்டையைக் கம்பெனி உண்டாக்கியிருந்தது. அங்கிருந்து கப்பல் ஏற வேண்டியது துணி. சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிக்கு உலகமே கடனாளியாக இருந்த காலம். அச்சடித்த பருத்தித் துணியை உடுத்தவே கூடாது என்று 1721-இல் இங்கிலாந்து சட்டம் போட்டது. அந்தத் துணியோடு தங்கள் நெசவாளர்கள் போட்டி போட முடியவில்லை என்பதுதான் காரணம். ஆனாலும் வாங்குவதை நிறுத்தவில்லை. லண்டனில் இறக்கி வேறு நாடுகளுக்கு ஏற்றினார்கள். அதில் ஒரு பங்கு மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போனது. அங்கே மனிதர்களை விலைக்கு வாங்கப் பணத்துக்குப் பதில் கொடுக்கப்பட்ட பொருள்களில் நம் கரைத் துணியும் ஒன்று. சர்மனின் கம்பெனியையும் ரேமண்டின் கம்பெனியையும் இணைத்த நூல் எங்கள் தறிகளில் ஓடியது என்பதை முதன்முதலில் சேர்த்துப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

கம்பெனிக் கப்பலின் கேப்டனுக்குச் சம்பளம் பெரிதல்ல. சொந்தக் கணக்கில் சரக்கு ஏற்றிக்கொள்ளக் கப்பலில் ஒதுக்கிய இடம்தான் பெரிய வரும்படி. சில பயணங்கள் உயிரோடு போய்த் திரும்பினால் ஆயுளுக்கும் போதும். ரேமண்ட் பிறகு கடலை விட்டுக் கரையில் உட்கார்ந்து, பல கப்பல்களை நிர்வகித்துக் கம்பெனிக்கு வாடகைக்கு விடும் பெரிய முதலாளியானார். வங்கித் தொழிலும் செய்தார். 1754-இல் வாலன்டைன்ஸை வாங்கினார். பிற்பாடு பாரனெட் என்ற பரம்பரைப் பட்டமும் வந்தது. எந்தச் செங்கல் எந்தப் பயணத்தின் லாபம் என்று யாராலும் பிரித்துக் காட்ட முடியாது. அது தேவையும் இல்லை.

ரேமண்ட் காலத்தில், 1758-இல், இங்கே ஒரு திராட்சைக் கொடி நட்டார்கள். பிளாக் ஹாம்பர்க் என்ற கறுப்பு வகை. பத்து ஆண்டுகளில் நன்றாகப் படர்ந்து பேர் வாங்கியது. 1768-இல் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைத் தோட்டங்களைக் கவனித்துவந்த 'கேப்பபிலிட்டி' பிரௌன், இந்தக் கொடியிலிருந்து ஒரு பதியனைக் கொண்டுபோய் அரண்மனையில் நட்டார். தாய்க்கொடி இன்று இல்லை. பிள்ளை இருக்கிறது. உலகிலேயே மிகப் பெரிய திராட்சைக் கொடி என்று 2005-இல் கின்னஸ் பதிவில் ஏறியது. இரண்டரை நூற்றாண்டு தாண்டியும் ஆண்டுக்குச் சராசரியாக 270 கிலோ காய்க்கிறது. செப்டம்பர் தொடக்கத்தில் கூடைகூடையாக விற்கிறார்கள். ஹாம்ப்டன் கோர்ட்டுக்கு டிக்கெட் எடுத்துப் போய் அந்தக் கொடியை வாய் பிளந்து பார்க்கும் இல்ஃபோர்ட்காரர்களுக்கு, அதன் தாய்வீடு தங்கள் தெருக்கோடியில் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு வந்த சொந்தக்காரர்களை வேகமாகக் கடந்துவிடலாம். வங்கிக்காரர்கள், வியாபாரிகள். கடைசியாக சாரா இங்கிள்பி அம்மையார். அவருடைய கணவர் கிளெமென்ட் மான்ஸ்ஃபீல்ட் இங்கிள்பி ஷேக்ஸ்பியர் ஆய்வாளர். இந்த அம்மையார் காலத்தில் இல்ஃபோர்ட் தலைகீழாக மாறியது. 1839-லேயே ரயில் வந்துவிட்டாலும், 1890-களில்தான் வயல்களெல்லாம் மனைகளாயின. 1891-இல் சுமார் 11,000 ஆக இருந்த மக்கள்தொகை 1901-இல் சுமார் 41,000. பத்தே ஆண்டுகளில்! சென்னையில் வேளச்சேரி, மேடவாக்கம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது எப்படி நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. ஏரி போகும், கால்வாய் போகும், கடைசியில் தெருப்பெயரில் மட்டும் ஏரி மிஞ்சும். இங்கே அப்படி ஆகாததற்குக் காரணம், அப்போது பிறந்து நாலைந்து வயதே ஆன இல்ஃபோர்ட் நகரசபை. அது அம்மையாரிடமிருந்து 47 ஏக்கரை, ஏரியோடு சேர்த்து வாங்கி, 1899-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அவர் 1906-இல் இறந்த பிறகு மிச்ச நிலமும் கட்டம் கட்டமாகச் சேர்ந்தது. 1912-இல் மாளிகையும் கைக்கு வந்தது. சுற்றிலும் வீட்டுமனை விலை ஏறிக்கொண்டிருந்தபோது, விற்றால் கொழுத்த லாபம் தரும் நிலத்தை வாங்கிப் புல்லாகவே விட்ட அந்த நகரசபையை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

முதல் உலகப் போரின்போது பெல்ஜியத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களை இந்த மாளிகையில் தங்கவைத்தார்கள். குளிர்கால மாலையில் மாளிகையின் ஜன்னல்களைப் பார்க்கும்போது எனக்கு அவர்கள் நினைவு வரும். 1983 ஜூலைக்குப் பிறகு ஈழத்திலிருந்து வந்து ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட் பக்கம் வாழ்க்கையைத் தொடங்கிய குடும்பங்கள் எத்தனையோ. அவர்களுக்கு மாளிகை கிடைக்கவில்லை. கடைக்கு மேலே ஓர் அறை, அதில் நாலு பேர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை உட்கார ஒரு மரநிழலும், காசு கேட்காத ஓர் ஏரிக்கரையும் கிடைத்தன. ஒரு பெரியவர் என்னிடம் சொன்னது மறக்கவில்லை: "தம்பி, விசாக் கடிதத்துக்காகக் காத்திருந்த காலத்திலே, ஒருத்தரும் என்னை ஏன் இங்க நிக்கிறாய் எண்டு கேட்காத இடம் இந்தப் பார்க்தான்."

மாளிகை பிறகு வெகுகாலம் நகரசபை அலுவலகமாக இருந்து, 1990-களில் காலியாகி, பூட்டியே கிடந்தது. லாட்டரி நிதி உதவியோடு பழுது பார்த்து 2009-இல் மறுபடியும் திறந்தார்கள். இப்போது உள்ளே விக்டோரியா காலத்துச் சமையலறையைப் பார்க்கலாம், ஓவியர்களுக்கு அறைகள் இருக்கின்றன, கல்யாணங்களும் நடக்கின்றன. பட்டுப்புடவையும் வேட்டியுமாக நம்மவர்கள் அந்தப் படிகளில் நின்று படம் எடுத்துக்கொள்வதைப் பார்க்கும்போதெல்லாம், சிந்தாதிரிப்பேட்டைத் தறிக்காரர்களின் பேரன் பேத்திகள் கடைசியில் இந்த வாசற்படி ஏறிவிட்டார்கள் என்று மனம் நிறைகிறது.

ஏரிகளுக்குத் தண்ணீர் தருவது கிரான் புரூக் என்ற ஓடை. பூங்காவுக்கு வெளியே அதைப் பார்ப்பது அரிது. பெரும்பகுதி தெருக்களுக்கு அடியில் குழாய்க்குள் ஓடுகிறது. இங்கே மட்டும் மேலே வந்து, வெளிச்சம் பார்த்து, ஏரிகளை நிரப்பிவிட்டு மறுபடியும் மண்ணுக்குள் போய், ரோடிங் ஆற்றில் சேர்ந்து, அதன் வழியே தேம்ஸை அடைகிறது. ஓடையின் போக்கிலேயே ஏரிகள் இருப்பதால் தெருவில் கழுவிய அழுக்கும் வண்டலும் இங்கேதான் படியும். ரொட்டியைக் கொட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வாத்து தின்றது போக மிச்ச ரொட்டி அடியில் அழுகி, பாசியை வளர்த்து, எலியையும் கூப்பிடுகிறது. பிள்ளைகள் ஆசைப்பட்டால் கொஞ்சம் ஓட்ஸோ உறையவைத்த பச்சைப் பட்டாணியோ கொண்டுபோங்கள்.

பறவைகளைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. என் அம்மா வந்திருந்தபோது ஏரியைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "ஏன்டா, இது நம்ம வேடந்தாங்கல் பக்கம் இருக்கிற நாமக்கோழி இல்ல?" அதேதான். நெற்றியில் வெள்ளைப் பட்டை, கரிய உடம்பு, சிவந்த கண். தமிழ்நாட்டு ஏரிகளில் நீந்தும் அதே இனம். பக்கத்தில் சிவப்பு அலகோடு நாணலுக்குள் நுழைந்து ஒளிகிற தாழைக்கோழியும் அப்படியே. கரையோரம் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும் சாம்பல் நாரையும் அப்படியே. வசந்தகாலத்தில் நாமக்கோழி கூடு கட்டுவதைப் பொறுமையாகப் பார்த்தால் பொழுது போவது தெரியாது. ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து குச்சி, நாணல், மிட்டாய்க் காகிதம், பிளாஸ்டிக் உறை என்று கையில் கிடைத்ததையெல்லாம் இழுத்து வந்து தண்ணீருக்கு மேலே மேடு போடும். குஞ்சு பொரித்ததும் பாருங்கள், கழுத்தைச் சுற்றி ஆரஞ்சு நிறப் பிசிறு, தலை செக்கச்செவேல் என்று வழுக்கை. தாய்க்கும் பிள்ளைக்கும் நிறத்தில் ஒரு சம்பந்தமும் இருக்காது. தாயின் அலகில் இருக்கும் புழு எந்தக் குஞ்சுக்குப் போகும் என்பதற்கு நடக்கிற சண்டை பெரிய சண்டை. அடம் பிடித்து அதிகம் கேட்கிற குஞ்சைத் தாயே தலையில் கொத்தித் தள்ளிவிடும். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். இருக்கிற தீனியை வைத்து எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது என்பது அதற்குத் தெரியும் போலிருக்கிறது.

மேலே கீச்சுக்குரலோடு கூட்டமாகப் பறப்பவை கிளிகள். கழுத்தில் வளையம் போட்ட நம் பச்சைக்கிளியேதான். கூண்டிலிருந்து தப்பியவையும் விடப்பட்டவையும் பெருகி, 1970-களிலிருந்து லண்டனில் நிலைத்துவிட்டன. இவை பெரும்பாலும் பாகிஸ்தான், வடஇந்தியப் பக்கத்துக் கிளிகளின் வாரிசுகள் என்று மரபணு ஆய்வு சொல்கிறது. வயதான ஓக் மரங்களின் பொந்துகளை ஜனவரியிலேயே பிடித்துக்கொள்கின்றன. உள்ளூர்ப் பறவைகளின் இடத்தைப் பறிக்கின்றன என்று இவற்றின் மேல் புகார் சொல்பவர்கள் உண்டு. அந்தக் கவலையில் நியாயம் இருக்கலாம். ஆனால் அதைச் சொல்லும்போது சிலருடைய குரல் பறவையைத் தாண்டி வேறு எங்கோ போவதைக் கேட்டிருக்கிறேன். அப்போது எனக்கு வலிக்கும்.

கிரிக்கெட்டுக்கு வருகிறேன். 1923 முதல் 2002 வரை எஸ்ஸெக்ஸ் அணி தன் கவுண்டி ஆட்டங்களில் சிலவற்றை இந்த மைதானத்தில் ஆடியது. கோடையில் ஒரு வாரம் கூடாரங்களும் தற்காலிக இருக்கைகளும் போட்டு ஊர்த் திருவிழாவாக நடந்தது. எஸ்ஸெக்ஸ் போய்விட்டது. இல்ஃபோர்ட் கிரிக்கெட் கிளப் இன்றும் ஆடுகிறது. இந்த ஊர்க் கிரிக்கெட்டில் நம் ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. நாசர் ஹுசைன் 1968-இல் பிறந்தது சென்னையில். அவருடைய அப்பா ஜவாத் ஹுசைன் ரஞ்சிக் கோப்பையில் மதராஸுக்காக ஆடியவர். சேப்பாக்கத்தில் பந்து பொறுக்கிப் போட்ட சிறுவன் குடும்பத்தோடு இங்கிலாந்துக்கு வந்தான். அப்பா இல்ஃபோர்டில் கிரிக்கெட் பள்ளி நடத்தினார். அந்தச் சிறுவன் எஸ்ஸெக்ஸுக்கு ஆடி, 1999-இல் இங்கிலாந்தின் கேப்டனானான். மதராஸிலிருந்து இல்ஃபோர்டுக்கு முன்பு துணி லாபம் வந்தது, பிறகு ஒரு கிரிக்கெட்காரரின் மகன் வந்தான்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இங்கே பார்க்ரன் நடக்கிறது. ஐந்து கிலோமீட்டர். காசு கிடையாது, நடத்துபவர்கள் தன்னார்வலர்கள், ஓட முடியாவிட்டால் நடக்கலாம். 2004 அக்டோபரில் 13 பேர் புஷி பூங்காவில் ஓடித் தொடங்கிய வழக்கம் இது. புஷி பூங்கா ஹாம்ப்டன் கோர்ட்டுக்கு அடுத்தாற்போல இருக்கிறது. இங்கிருந்து அரண்மனைக்குப் போன கொடிக்கு அங்கிருந்து வந்த பதில் சீர் என்று இதை எடுத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கும். சேலைக்கு மேல் ஸ்வெட்டரும் காலில் ஸ்னீக்கருமாக நடக்கும் நம் அம்மாக்களை ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கே பார்க்கலாம். கடைசி ஆள் வந்து சேரும் வரை தன்னார்வலர் ஒருவர் கூடவே நடந்து வருவார்.

இதையெல்லாம் எழுதத் தூண்டியது ஒரு பயம். இங்கிலாந்தில் பூங்காக்களைப் பராமரித்தே ஆக வேண்டும் என்று கவுன்சில்களுக்குச் சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை. முதியோர் பராமரிப்பு, குழந்தைகள் பாதுகாப்பு போன்றவை கட்டாயம். பணம் இறுகும்போது முதலில் வெட்டு விழுவது கட்டாயமில்லாத கணக்கில்தான். தோட்டக்காரர்கள் குறைவார்கள், கழிப்பறை பூட்டப்படும், வண்டல் வாரும் வேலை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். அப்போது கருத்துக் கேட்புப் படிவம் ஒன்று இணையத்தில் வரும். அதில் யார் எழுதுகிறார்களோ அவர்கள் பேச்சுதான் எடுபடும். பூங்காவில் பாதிக் கூட்டம் நாம். படிவத்தில் நம் பெயர்கள் அப்படி இருப்பதில்லை. கோயில் நிர்வாகத்துக்கு மணிக்கணக்கில் உழைக்கிறோம், ஊர்ச் சங்கத்துக்கு ஓடுகிறோம். அந்த உழைப்பில் ஒரு துளி இங்கேயும் வரட்டும்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு வகுப்பை வாலன்டைன்ஸில் நடத்துங்கள். மாளிகையில் தொடங்கி வேஜர் கப்பலையும் மசூலா படகையும் சொல்லுங்கள். கால்வாயருகே சர்மனின் கம்பெனியை மறைக்காமல் சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அது புரியும். ஏரிக்கரையில் பறவைகளின் பெயர்களைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். முடிந்ததும், இந்தப் பூங்காவில் எது மாற வேண்டும், எது மாறக் கூடாது என்று ஒவ்வொரு பிள்ளையும் கவுன்சிலருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதட்டும். அந்தக் கடிதங்களைச் சேர்த்து, தபாலில் அனுப்பாமல், பிள்ளைகளோடு நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.